மேட்டு வீட்டுக்குப் போன தட்டு

படகிலிருந்து இறங்கிய ரொசமெல், தோளில் பையோடு மேட்டு வீட்டு வாசல்வரை போய், கதவு திறக்காததால் திரும்பிக் கீழே வந்தானே, அந்த இடத்தில்தான் கதையை விட்டிருந்தோம். அதற்குப் பிறகு ஒரு வாரம் ஓடிவிட்டது. கதவு இன்னும் திறக்கவில்லை.

அப்பா கிளொதொமிரோவுக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டார். கத்தினால் தேவலையே! வாயை மூடிக்கொள்வார், அவ்வளவுதான். போன ஆகஸ்டில், கொட்டுகிற மழையில், அவர் மனைவி எர்மிந்தாவைப் புதைத்தார்கள். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஊரை விட்டுப் போன கடைக்குட்டி ரொசமெல் அப்போது தெற்கே எங்கேயோ ஆட்டுப் பண்ணையில் இருந்தான். பனியில் பாதை அடைத்துவிட்டது என்று சொல்லியனுப்பினான்; வரவில்லை. அன்றையிலிருந்து அப்பா அவன் பெயரையே வாயில் எடுப்பதில்லை. இப்போது டிசம்பர்; பூமியின் தென்கோடியில் இருக்கிற இந்தத் தீவுகளில் கோடை தொடங்குகிற மாதம். மழை ஓய்ந்து வெயில் வந்தாயிற்று, மகனும் வந்தாயிற்று. அப்பா மட்டும் இன்னும் அந்த ஆகஸ்டிலேயே உட்கார்ந்திருக்கிறார்.

நடுவில் மாட்டிக்கொண்டவள் எதீத்தா. மூத்தவன் நொல்பெர்த்தோவுக்குத் தங்கை, ரொசமெலுக்கு அக்கா. மேட்டு வீட்டில் அப்பாவுக்குச் சமைத்துப் போடுவது அவள்தான். கீழே கடற்கரையில், அண்ணன் வீட்டில் தங்கியிருக்கும் தம்பியிடம் போய், "அப்பா இன்னைக்கு நல்லாத்தான் இருக்காரு, நாளைக்குப் பேசுவாரு" என்று தினமும் ஒரு பொய் சொல்லிவிட்டு வருவதும் அவள்தான்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. கோடையின் முதல் குழி மூடும் நாள்.

சிலோயே தீவுகளில் கோடை என்பது வெயிலில் வருவதில்லை, வாயில்தான் வருகிறது. புது உருளைக்கிழங்கு, விரல் பட்டாலே தோல் உரிகிற மாதிரி. மொச்சை, பச்சை வாசம் போகாமல். புதுப் பூண்டு. இதெல்லாம் தோட்டத்தில் தலைகாட்டியதும் எர்மிந்தா ஒரு நாள் குறிப்பாள். தோட்டத்தில் குழி வெட்டி, அதில் கல் அடுக்கி, மேலே விறகைப் போட்டு எரிப்பார்கள். கல் பழுத்ததும் அதன்மேல் மட்டியும் சிப்பியும், அதற்குமேல் புகை போட்ட பன்றிக் கறி, உருளைக்கிழங்கு, மொச்சை, மாவு அடைகள். எல்லாவற்றையும் குடை அளவு நல்கா இலைகளால் மூடி, புல்லோடு பெயர்த்த மண்ணை அதன்மேல் கவிழ்த்துவிட்டால், வேலை முடிந்தது. மத்தியானம் மண்ணை விலக்கும்போது ஊருக்கே மணக்கும்.

இந்த வருஷம் நாள் குறிக்க எர்மிந்தா இல்லை. எதீத்தாதான் குறித்தாள். ஒரே கணக்குதான் அவளுக்கு. அப்பா கீழே வரமாட்டார். ஆனால் குழியிலிருந்து தட்டு மேலே போகும். குழி திறந்ததும் முதல் தட்டுகள் வெளியேதான் போகவேண்டும், வரமுடியாதவர்களுக்கும் அக்கம்பக்கத்துக்கும். அவை போன பிறகுதான் வீட்டார் வாயில் வைக்கலாம். வந்த தட்டை வேண்டாம் என்று சொல்லக்கூடாது. கொடுத்த தட்டைத் திருப்பிக் கேட்கவும் கூடாது. சண்டை போட்டுப் பேச்சை நிறுத்திய வீடுகளுக்குள்ளேகூடத் தட்டு நிற்காது.

ரொசமெல் கல் அடுக்கிய குழியில் வெந்ததை அப்பா ஒரு வாய் சாப்பிட்டாரென்றால் போதும். பாதிக் கதவு திறந்த மாதிரி.

காலையில் அண்ணன் வீட்டுத் தோட்டத்துக் குழாயடியில் அண்ணி இர்மாவோடு உட்கார்ந்து சிப்பி கழுவும்போதே எதீத்தா பெரிதாகப் பார்த்துத் தனியே எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் அண்ணி, இவ்ளோ பெருசா இருக்கு! என் உள்ளங்கைய விடப் பெருசு."

"உங்கண்ணன் விடியறதுக்குள்ள படகெடுத்துட்டுப் போனாரு. எங்க போனீங்கன்னு கேட்டா, கடலுக்குன்னாரு. அந்த மனுஷன் என்னைக்கு நேரா ஒரு பதில் சொல்லியிருக்காரு?"

"மொதல் குழிக்குன்னு தேடித் தேடிப் பொறுக்கியிருப்பாரு."

"தம்பி வந்திருக்கான்ல. அவன் முன்னாடி கொஞ்சம் கெத்து காட்டணும்."

எதீத்தா சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு நடுவில் ஈ மாதிரி ஒரு யோசனை வந்து உட்கார்ந்தது. ஊருக்கு முன்பக்கத்துக் கடலில் இந்த அளவு சிப்பி கிடைத்து எத்தனையோ நாளாகிறதே? எல்லாரும் அள்ளி அள்ளி அங்கே குஞ்சுதானே மிச்சம்? ஆனால் அப்பாவின் முகம் கண்முன் வந்தது. துணியை விலக்கி, இவ்வளவு பெரிய சிப்பியைப் பார்த்தால், மனிதர் மனம் இளகாமலா போகும்? ஈயை விரட்டிவிட்டாள்.

குழிப்பக்கம் அண்ணன் தம்பி இருவரும் கல் அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"ஆட்டத் தவிர வேற மூஞ்சியப் பாக்காம இருந்திருப்ப போல. உன் மூஞ்சியும் அப்படியே ஆயிடுச்சுடா" என்றான் நொல்பெர்த்தோ.

"ஆடு நல்லது அண்ணே. வீட்டுக்கு ஏன் வரலன்னு கேக்காது."

நொல்பெர்த்தோ ஒரு கல்லை நகர்த்தினான். "இது வெடிக்கிற கல்லு. எடுத்துடு."

"வெடிக்காது. அம்மா எப்பவும் இந்தக் கல்லத்தான் நடுவுல வெப்பாங்க" என்றான் ரொசமெல். அது நடுவிலேயே இருந்தது.

*

குழி திறந்த வாசனையோடு, கையில் துணி போட்டு மூடிய தட்டோடு, எதீத்தா மேட்டு வீட்டுப் படி ஏறினாள். பெரிய சிப்பியெல்லாம் மேலே, கறித்துண்டு ஓரத்தில், புது உருளைக்கிழங்கு சுற்றி, பக்கத்தில் ஒரு கோப்பை நிறைய சிப்பியிலிருந்து வடிந்த சாறு. வாயில் வைக்கும் முன் அந்தச் சாற்றைக் குடிப்பதில்தான் அப்பாவுக்கு உயிர்.

அப்பா சமையலறையில் விறகடுப்பைப் பார்த்தபடி, கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

"அப்பா, மொதல் குழிப்பா."

அப்பா ஒரு விறகை அடுப்புக்குள் தள்ளினார்.

"பூண்டு நம்ம தோட்டத்துது. அம்மா நட்டது, தானா மொளச்சிருக்கு."

"வெச்சுட்டுப் போ."

"சூடா இருக்கப்பவே..."

"எனக்குப் பசிக்கல. வெச்சுட்டுப் போன்னு சொன்னேன்ல."

வேண்டாம், எடுத்துட்டுப் போ என்று சொல்லவில்லை. எதீத்தாவுக்கு அதுவே பெரிசாக இருந்தது. தட்டை மேசையில் வைத்துவிட்டு, வெளியே வந்து, கதவோரம் கொஞ்ச நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாற்காலி நகர்கிற சத்தம் கேட்கவில்லை. "மாதாவே, ஒரு வாய். ஒரே ஒரு வாய் சாப்பிட வெச்சிடு" என்று முணுமுணுத்துவிட்டு இறங்கினாள்.

அந்த வேண்டுதலை நினைத்து அவள் பிறகு எத்தனை நாள் தன் வாயிலேயே அறைந்துகொள்ளப் போகிறாளோ.

*

கீழே வந்து எதீத்தா பெஞ்சில் உட்கார்ந்தாள். மற்ற தட்டுகளை இர்மா பக்கத்து வீடுகளில் கொடுத்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தாள். நொல்பெர்த்தோ குழிக்குப் பக்கத்திலேயே நின்று, குழி திறந்ததிலிருந்து சிச்சாவை, அதுதான் புளிக்கவைத்த ஆப்பிள் மதுவை, குடித்துக்கொண்டு, எல்லாருக்கும் எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். வெயிலும் இருந்தது, தூறலும் இருந்தது. அந்தத் தீவில் இரண்டும் சேர்ந்து வருவது புதிதல்ல.

ரொசமெல் தன் தட்டிலிருந்து ஒரு சிப்பியை எடுத்தான். வாய்க்குக் கொண்டுபோகவில்லை. ஓட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அண்ணே, இது எந்தப் பக்கத்து சிப்பி?"

"கடல் பக்கத்து சிப்பிதான். மரத்துலயா காய்க்குது?"

"இல்ல, கேக்குறேன். முன்பக்கம் இவ்ளோ பெருசு எப்படி வளந்துச்சு?"

"தின்னுடா. ஊர விட்டு ஓடினவன் சிப்பி வளக்குறதப் பத்திப் பாடம் எடுக்காத."

ரொசமெல் ஓட்டைத் தட்டில் வைத்தான். "பின்பக்கத்து வளைகுடாவா?"

இர்மா மெல்லுவதை நிறுத்தினாள். பின்பக்கத்து வளைகுடாவை இலையுதிர்காலத்திலேயே மூடியாயிற்று. செவ்வலை வந்திருக்கிறது, கடல்பாசியின் விஷம் சிப்பிக்குள் ஏறியிருக்கும், எடுக்காதீர்கள் என்று கொடி நட்டு, ரேடியோவில் சொல்லி, தேவாலயத்திலும் சொல்லியாயிற்று. யாரும் எடுக்கவில்லை. அதனால்தான் அங்கே சிப்பி உள்ளங்கையை விடப் பெரிதாக வளர்ந்திருந்தது.

"தண்ணி கண்ணாடி மாதிரி இருந்துச்சு" என்றான் நொல்பெர்த்தோ. குரல் ஏறியது. "செவ்வலைன்னா செவப்பா இருக்கணும்ல? ஒரு சொட்டு செவப்பு கிடையாது. அப்புறம் இவ்ளோ சூட்டுல வேகுது, எந்த விஷம் தாங்கும்? தம்பி இத்தன வருஷம் கழிச்சு வந்திருக்கான், குஞ்சு சிப்பியும் உருளக்கெழங்கும் போட்டுக் குழி மூடச் சொல்றியா? ஊரே சிரிக்கும்!"

"அது தண்ணியில தெரியாது அண்ணே. வேகவெச்சாலும் போகாது. தெக்க எங்க பண்ணைக்குப் பக்கத்துல ஒரு மீன்காரக் குடும்பம்..." ரொசமெல் முடிக்கவில்லை. எழுந்துவிட்டான். "யாரும் இனி தொடாதீங்க. அண்ணி, துப்புங்க. நீங்க எத்தன சாப்பிட்டீங்க?"

"ஒண்ணு... ரெண்டு..." இர்மா தோட்டத்து மூலைக்கு ஓடி, தொண்டைக்குள் விரலை விட்டாள்.

எதீத்தா எழுந்து நின்றாள். தன் தட்டை அவள் தொட்டிருக்கவில்லை. அவள் நினைவு முழுக்க வேறொரு தட்டில் இருந்தது.

"அப்பா" என்றாள்.

*

மேட்டு வீட்டில் போன் இருக்கிறது. அப்பா எடுக்கமாட்டார். மணி அடித்தால் அதை அடுப்புக்குப் பின்னால் தள்ளிவிடுவார். எதீத்தா ஓடினாள்.

வழியில், இர்மா தட்டு கொடுத்துவிட்டு வந்த உபெர்லிந்தா வீடு. வேலியோரம் நாற்காலி போட்டு, மடியில் தட்டோடு, உபெர்லிந்தா வெயில் காய்ந்துகொண்டிருந்தாள். கையில் ஒரு சிப்பி, வாய் திறந்தபடி.

"அத சாப்பிடாதீங்க! கீழ வைங்க!"

"என்னது?"

"சிப்பி கெட்டது! குடுங்க அத!"

"எதீத்தா, உனக்குப் புத்தி பிசகிடுச்சா? குடுத்த தட்டத் திருப்பிக் கேக்குற குடும்பத்த நான் இன்னைக்குத்தான் பாக்குறேன். உங்கம்மா இருந்தா..."

எதீத்தா வேலிக்குமேல் எட்டித் தட்டை ஓங்கித் தட்டிவிட்டாள். சிப்பியெல்லாம் கோழிகளுக்கு நடுவில் சிதறின. உபெர்லிந்தா துள்ளி எழுந்தாள்.

"செவ்வலை. பின்பக்கத்து சிப்பி. கோழிய வெரட்டுங்க. எல்லா வீட்டுக்கும் போய்ச் சொல்லுங்க. நர்ஸுக்கும்!" என்று கத்திக்கொண்டே எதீத்தா மேட்டில் ஏறினாள். பின்னால் உபெர்லிந்தா, "எந்த மடையன் எடுத்தான்?" என்று கேட்டது காதில் விழுந்தது. அதற்கு நின்று பதில் சொல்ல நேரமில்லை.

மேட்டு வீட்டுக் கதவைத் தள்ளினாள்.

நாற்காலி நகர்ந்திருந்தது. அப்பா மேசையில், தட்டுக்கு எதிரே, முகத்தைக் கதவுப்பக்கம் திருப்பி உட்கார்ந்திருந்தார். துணி மடித்து ஓரத்தில் வைத்திருந்தது. தட்டில் ஓடுகள், ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி, அம்மாவுக்குப் பிடிக்கிற மாதிரி. கோப்பை கவிழ்த்து வைத்திருந்தது. ஒரு சொட்டு மிச்சமில்லை.

"நல்லா இருந்துச்சு" என்றார் அப்பா.

எதீத்தா வாசலிலேயே மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள்.

"எதுக்கு இப்படி மூச்சு வாங்குது? ஒக்காரு. அந்தப் பய அடுக்கின கல்லுன்னு வாசனையிலயே தெரிஞ்சுது. நடுக்கல்ல எடுக்காம விட்டிருக்கான். உங்கம்மாவும் அப்படித்தான்." கொஞ்சம் நிறுத்தினார். "சாயங்காலம் அவன மேல வரச் சொல்லு. நான் கூப்பிட்டேன்னு சொல்லவேண்டாம். வரச் சொல்லு, அவ்ளோதான்."

ஒரு வாரமாக, இல்லை, ஆகஸ்டிலிருந்து எதீத்தா கேட்கத் தவித்த பேச்சு. அவள் பார்வையோ அவர் உதட்டிலேயே இருந்தது.

"அப்பா, உதடு எப்படி இருக்கு?"

"உதடா? மரத்தாப்புல இருக்கு. சூடா குடிச்சேன்ல. நாக்கும் கொஞ்சம் தடிச்ச மாதிரி." கையைத் தூக்கிப் பார்த்தார். "விரல்ல எறும்பு ஊருது. வயசாயிட்டா ரத்தம் அங்கங்க நின்னுக்குது."

"அப்பா, அந்தச் சிப்பி கெட்டதுப்பா. ஆஸ்பத்திரிக்குப் போகணும். எழுந்திரிங்க."

அப்பா அவளைப் பார்த்தார். புரிவதற்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. கடலில் பிறந்து வளர்ந்தவருக்கு, கெட்ட சிப்பி என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முகம் வெளிறியது.

"யாரு கொண்டாந்தது?"

அப்போதுதான் வாசலில் காலடி. ரொசமெல் உள்ளே வந்தான், அவனுக்குப் பின்னால் நொல்பெர்த்தோ. ஒன்பது வருஷத்தில் ரொசமெல் அந்த வீட்டுக்குள் கால் வைத்தது அதுதான் முதல்முறை. அப்பா அவனைப் பார்த்தார், பிறகு மூத்தவனைப் பார்த்தார்.

"யாருன்னு கேட்டேன்."

நொல்பெர்த்தோ வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தான்.

"நான்தாம்ப்பா" என்றான் ரொசமெல்.

எதீத்தா திடுக்கிட்டுத் திரும்பினாள். ரொசமெல் கண்ணாலேயே அவளை அடக்கினான். என்மேல்தானே ஏற்கெனவே கோபம், இதுவும் சேரட்டும் என்கிற மாதிரி ஒரு பார்வை. முட்டாப்பயல். ஒரு நிமிஷத்துக்கு முன்னால் அப்பா என்ன சொன்னார் என்று அவனுக்குத் தெரியாது. சாயங்காலம் மேலே வரச் சொன்னது தெரியாது. கிடைத்த மன்னிப்பைப் பார்க்காமலேயே அவன் அதை அண்ணனுக்காகத் தூக்கிக் கொடுத்துவிட்டான்.

"இல்லப்பா, அவன்..." என்று எதீத்தா ஆரம்பித்தாள்.

ஆனால் அப்பாவின் முகம் மூடிக்கொண்டாயிற்று. எழுந்திருக்க மேசையில் கை ஊன்றினார். கை நிற்கவில்லை. ஓடுகளோடு தட்டு சரிந்து கீழே விழுந்தது.

*

நர்ஸ் கிளாரிசா படகுத்துறைக்கே வந்துவிட்டாள். கையில் ஒரு ரப்பர் காற்றுப் பையும் முகமூடியும்.

"எதிர்க்கரையில ஆஸ்பத்திரி வண்டி நிக்கும், சொல்லிட்டேன். நான் கூட வரமுடியாது. தட்டு போன வீட்டுல யார் யாரு சாப்பிட்டாங்கன்னு பாக்கணும். இர்மா கூட வாந்தி எடுத்துக்கிட்டுக் கெடக்கா." ரொசமெலின் கையில் பையைத் திணித்தாள். "இதுக்கு மருந்து கெடையாது. மூச்சுத்தான் மருந்து. அவருக்கு மூச்சு நிக்க ஆரம்பிச்சா இத மூக்கு வாய் மூட வெச்சு, அமுக்கு, விடு. அமுக்கு, விடு. கர போய்ச் சேர்ற வரைக்கும் நிறுத்தவே கூடாது. நாளைக்குக் காலம்பற வரைக்கும் மூச்சு ஓடிட்டா மனுஷன் எழுந்து ஒக்காந்துருவாரு."

"சரி."

"இன்னொன்னு. கண்ணு மூடியிருக்கும், கை கால் அசையாது. மயக்கம்னு நெனச்சுடாதீங்க. காது கேக்கும், புத்தி தெளிவா இருக்கும். அவருக்குள்ள அவரு முழுசா முழிச்சுக்கிட்டுத்தான் இருப்பாரு. பேசிக்கிட்டே இருங்க."

நொல்பெர்த்தோ இன்ஜினைக் கிளப்பினான். கயிற்றை அவிழ்க்க அவனுக்கு ரொம்ப நேரம் பிடித்தது. ரொசமெல் கத்தியால் அறுத்துவிட்டான். பதற்றம் என்று நினைத்தாள் எதீத்தா.

பாதிக் கடல் தாண்டுவதற்குள் அப்பாவின் பேச்சு போயிற்று. கொஞ்ச தூரத்தில் இமை சரிந்தது. பிறகு மார்பு ஏறுவது குறைந்து, குறைந்து, நின்றேவிட்டது. எதீத்தா அவர் தலையை மடியில் வைத்து முகமூடியை அழுத்திப் பிடித்தாள். ரொசமெல் முட்டிபோட்டுப் பையை அமுக்கினான். அமுக்கினால் மார்பு ஏறியது. விட்டால் இறங்கியது. ஒரு குழந்தைக்குச் சோறூட்டுகிற மாதிரி, அவ்வளவு கவனமாக அவன் அப்பாவுக்கு மூச்சை ஊட்டிக்கொண்டிருந்தான்.

"பேசு அக்கா. கேக்கும்னாங்கல்ல."

எதீத்தா குனிந்தாள். அப்பாவின் காதோரம் வாயை வைத்தாள்.

"அப்பா. அவன் பொய் சொன்னான்ப்பா. சிப்பி அவன் எடுத்தது இல்ல. நான் காலையிலயே பாத்தேன், பெருசா இருந்துச்சு, கேக்காம விட்டுட்டேன். உங்களுக்குன்னு பெருசாப் பாத்து நான்தான் வெச்சேன்."

"அக்கா, சும்மா இரு."

"நீ சும்மா இரு! உன்ன சாயங்காலம் மேல வரச் சொன்னாருடா! நீ வர்றதுக்கு முன்னாடி, அந்தத் தட்ட முழுசா சாப்பிட்டுட்டு, உன்ன வரச் சொன்னாரு!"

ரொசமெலின் கை நின்றது.

"அமுக்குடா!" என்று அலறினாள் எதீத்தா.

அமுக்கினான். கை மறுபடி நிற்கவில்லை.

படகின் பின்பக்கத்திலிருந்து நொல்பெர்த்தோவின் குரல் வந்தது. இன்ஜின் சத்தத்துக்கு மேல், மெதுவாக.

"அப்பா. நான்தாம்ப்பா. பின்பக்கம் போனது நான்தான். இவன் வந்துட்டான்ல, இவன் முன்னாடி... நல்ல குழின்னு சொல்லணும்னு..." வார்த்தைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன. "நீங்க கேட்டப்பவே சொல்லியிருக்கணும். வாய் வரலப்பா."

அழுகிறான், அதனால் குழறுகிறது என்றுதான் எதீத்தா முதலில் நினைத்தாள். அண்ணன் அழுது அவள் பார்த்ததில்லை. அம்மா செத்தபோதுகூட அவன் அழவில்லை. அப்பாவுக்குக் கேட்டிருக்குமா என்று முகத்தைப் பார்த்தாள். மூடிய இமை, அசையாத உதடு. கேட்டது என்றோ, மன்னித்தேன் என்றோ சொல்வதற்கு அந்த முகத்தில் ஒன்றும் மிச்சமில்லை.

படகு திடீரென்று ஒரு பக்கமாகச் சாய்ந்து, அலையைக் குறுக்கே வாங்கியது. தண்ணீர் உள்ளே அடித்தது.

"அண்ணே, பாத்து! மணல்திட்டு அந்தப் பக்கம்தானே?"

எதீத்தா திரும்பிப் பார்த்தாள்.

நொல்பெர்த்தோவின் கண்ணில் ஒரு சொட்டு நீர்கூட இல்லை. சுக்கான் கட்டையை அவன் கையால் பிடித்திருக்கவில்லை. முழங்கையை மடக்கி அதில் மாட்டியிருந்தான். விரல்கள் திறந்தபடி தொங்கிக்கொண்டிருந்தன. கயிறு அவிழ்க்க முடியாத விரல்கள். மேட்டு வீட்டு வாசலில் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்தும் சத்தம் வராமல் நின்றானே, அதுவும் அவளுக்கு இப்போதுதான் புரிந்தது.

குழி திறந்ததிலிருந்து சிச்சாவோடு நின்றவன். தட்டு வெளியே போகும்வரை வீட்டார் சாப்பிடக்கூடாது என்பதால், வெந்துவிட்டதா என்று பார்க்கிற சாக்கில் ஒவ்வொன்றாக எடுத்து வாயில் போட்டுக்கொண்டவன். சின்ன வயதிலிருந்தே அவனுக்கு அந்தப் பழக்கம். அம்மா கரண்டியால் கையில் போடுவாள்.

"அண்ணே, நீ எத்தன தின்ன?"

அவன் அவளைப் பார்த்தான். ஏதோ சொல்ல முயன்றான். உதடு அசைந்தது, சொல் வரவில்லை.

ரொசமெல் பையை அமுக்கினான். அப்பாவின் மார்பு ஏறியது. விட்டான், இறங்கியது. எதிர்க்கரை தூறலுக்குப் பின்னால் ஒரு கோடாக மட்டும் தெரிந்தது.

படகில் காற்றுப் பை ஒன்றுதான் இருந்தது.